தினம் ஒரு சண்டை கேட்ட மகனுக்கு

தம்பி,

முத்துப்பேச்சியின் மகள் கல்யாணம் போன வெள்ளிக்கிழமை முடிந்தது. மண்டபம் நிறையக் கூட்டம். "தாய்மாமன் எங்கப்பா? மாலையப் போட்டுப் பொண்ண மேடைக்குக் கூட்டிட்டு வாங்க" என்று மைக்கில் கூப்பிட்டார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் தங்களுக்குள் குசுகுசுக்க ஆரம்பித்தார்கள். முத்துப்பேச்சிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறையில் ஒருவர் பந்தியில் பாதிச் சாப்பாட்டில் இருந்தார். அவரைக் கையைக் கழுவச் சொல்லி இழுத்து வந்து மாலையைக் கொடுத்தார்கள். அவர் போட்டார், பெண்ணும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டது. முத்துப்பேச்சி மட்டும் மேடையைப் பார்க்காமல் மண்டப வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் திராணியில்லை. கைப்பைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். சொந்தத் தாய்மாமன் அலங்காநல்லூர்ப் பக்கத்தில் உயிரோடு, நல்ல காலும் கையுமாக இருக்கிறார். அவர் வராமல் போனதற்குக் காரணம் நீ. என் பெயரில், என் வலைப்பூவில் நீ போட்ட ஒரு பதிவு.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், பின்னால் விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்கும். நான் பேசி முடிப்பதற்குள் இன்னொரு பதிவு தயாராகிவிடும். அதனால் எந்த இடத்தில் அந்த மனுஷனின் மானம் போனதோ அந்த இடத்திலேயே எழுதுகிறேன். கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். இனி இதற்குள் நீ வர முடியாது, வாசகனாக வேண்டுமானால் வரலாம்.

நீ புதிதாகக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாயே ஒரு கூட்டம், அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன், இந்த வலைப்பூ என்னவென்று. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். ராஜாக்கள் போட்ட சண்டையை வகுப்பு வகுப்பாக நடத்தி அலுத்துப்போய், விளாங்குடியில் நம் தெருவில் நடக்கிற சண்டைகளைக் கவனிக்க ஆரம்பித்தேன். நம் ஊர்ப் பக்கம் வெட்டுக்குத்தைவிடப் பெரிய தண்டனை ஒன்று உண்டு, பேச்சுவார்த்தை இல்லை என்பது. அண்ணன் தம்பி ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குடியிருப்பார்கள், பேச்சுவார்த்தை இருக்காது. ஏன் என்று கேட்டால் ஒரு காதுகுத்து, ஒரு பத்திரிகை, ஒரு பந்தி என்று ஏதாவது ஒன்று இருக்கும். அந்தச் சண்டை எப்படி ஆரம்பித்தது, எப்படி முடிந்தது என்று எழுதுவதுதான் என் வேலை. முடிந்த சண்டையை மட்டும்தான் எழுதுவேன். இரண்டு பக்கமும் கேட்டுத்தான் எழுதுவேன். எழுதியதை இரண்டு வீட்டுக்கும் போய் உட்கார்ந்து வாய்விட்டு வாசித்துக் காட்டுவேன், அவர்கள் சரி என்றால்தான் போடுவேன். பெயரை மாற்றிவிடுவேன், ஊரைச் சொல்ல மாட்டேன்.

இதற்கெல்லாம் நாள் ஆகும். நன்றாக ஆகும். வீடு குடிபோன பந்தியில் ஒரு தம்பியைப் பார்த்து அண்ணி "சாப்பிட வாங்க" என்று கூப்பிடாமல் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டாள் என்பதற்காக இரண்டு குடும்பம் பேசாமல் இருந்த கதையை எழுதினேனே, ஞாபகம் இருக்கிறதா? தம்பிக்காரர் சித்திரையிலேயே சொல்லிவிட்டார். அண்ணி தூத்துக்குடியில் மகள் வீட்டுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கப் போயிருந்தாள், தீபாவளிக்குத்தான் வந்தாள். அதுவரைக்கும் நான் காத்திருந்தேன். வந்து உட்கார்ந்து வாசித்தால், "அப்படி இல்ல டீச்சர்" என்று ஆரம்பித்தாள். தம்பி பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்து எழுந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக அவளுக்கு நினைப்பு. அது அவர் இல்லை, அதே நிறத்தில் சட்டை போட்ட அவருடைய சகலை! இத்தனை வருஷப் பகைக்கு ஒரு சட்டைதான் காரணம். நான் தீபாவளிவரைக்கும் பொறுக்காமல் சித்திரையிலேயே எழுதியிருந்தால் அந்த அண்ணி ஊருக்கெல்லாம் திமிர் பிடித்தவளாக நின்றிருப்பாள். முதல் தடவை சொல்லும்போது யாரும் நடந்ததைச் சொல்வதில்லை, கோபத்தைச் சொல்கிறார்கள். "அப்படி இல்ல டீச்சர்" என்பதற்குப் பிறகு வருவதுதான் என் எழுத்து.

நீ இதற்கு வைத்த பெயர் சோம்பேறித்தனம். பங்குனியில் எனக்குக் கண்புரை அறுவை ஆனபோது லீவு போட்டு பெங்களூரிலிருந்து வந்தாய். சொட்டு மருந்து விட்டாய், கஞ்சி வைத்துக் கொடுத்தாய், அதையெல்லாம் நான் மறக்கவில்லை. கண் ஆறும்வரைக்கும் திரையைப் பார்க்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதும், "பிளாக்க நான் பாத்துக்கிறேம்மா, நீ ரெஸ்ட் எடு" என்றாய். பார்த்துக்கொள்வது என்றால் வருகிற கருத்துகளுக்கு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பிறகு எழுதுவாள் என்று பதில் போடுவாய் என்றுதான் நினைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போகும்போது சாவியைக் கொடுத்தால் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவோம், வீட்டை வாடகைக்கு விட மாட்டோம். நீ வாடகைக்கு விட்டாய்.

கண்ணுக்கு நல்ல வெளிச்சம் வந்து நான் திறந்து பார்த்தபோது, தலைப்புக்குக் கீழே சிவப்பில் 'தினம் ஒரு சண்டை!' என்று எழுதியிருந்தது. 'மாமியார் மருமகள் மோதல்: நீங்கள் அறியாத ஐந்து உண்மைகள்'. 'கணவன் மனைவி பேசாமல் இருக்கிறீர்களா? ஏழு எளிய வழிகள்'. யாரடா அந்தக் கணவன், யாரடா அந்த மனைவி? எந்தத் தெரு? எதற்காகப் பேசவில்லை? ஒன்றும் கிடையாது. வாழ்க்கை ஒரு பயணம், உறவுகள் ஒரு பாலம் என்று கணினி தானாகக் கக்கியதை அள்ளிப் போட்டு, கீழே என் பெயர்! பழைய வாசகர் ஒருவர், சிவகாசிக்காரர், பாவம், அப்பாவின் நம்பருக்குப் போன் பண்ணி, "டீச்சருக்கு உடம்பு ரொம்ப முடியலையா சார்? எழுத்து ஒரு மாதிரி இருக்கே" என்று கேட்டிருக்கிறார். பழைய பதிவைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டே அடுத்ததற்குக் காத்திருப்பவர் அவர். நீ அவரை மதிக்கவில்லை. ஒரு தடவை விரலால் தள்ளிவிட்டுப் போகிறவர்களைத்தான் நீ எண்ணினாய்.

உனக்கு இது சின்ன வயதிலேயே உண்டு. பள்ளிக்கூடத்தில் தினம் ஒரு பக்கம் கையெழுத்து எழுதிக்கொண்டு வரச் சொன்னால், நீ முதல் வார்த்தையை மேலிருந்து கீழே வரைக்கும் எழுதுவாய், பிறகு இரண்டாம் வார்த்தையை மேலிருந்து கீழே வரைக்கும். பக்கம் நிறைந்துவிடும், ஒரு வாக்கியம்கூட நீ எழுதியிருக்க மாட்டாய். நான் பார்த்துச் சிரித்தேன், புத்திசாலிப் பிள்ளை என்று அப்பாவிடம் பெருமையும் அடித்தேன். ஒரு அடி போட்டிருக்க வேண்டும்.

அப்பா டிப்போவில் வேலை பார்த்தவர், உனக்குத் தெரியும், பிள்ளைகள் விஷயத்தில் வாயே திறக்காத மனுஷன். நீ போட்டதில் நாலைந்தை நான் வாசித்துக் காட்டியதும், "ஆள் ஏறுனாலும் ஏறாட்டியும் டயத்துக்கு வண்டிய எடுக்கணுங்கிறதுக்கு இது என்ன டவுன் பஸ்ஸாடி?" என்றார். நான் சிரிக்கவில்லை. அப்போது அந்த ஒரு பதிவை இன்னும் பார்த்திருக்கவில்லை என்றாலும் பயமாகத்தான் இருந்தது. ஏனென்றால் வலைப்பூவுக்கு உள்ளே, வெளியிடாத வரைவுகளாக, என்னுடைய முடியாத எழுத்துகளெல்லாம் கிடந்தன.

இனி முத்துப்பேச்சி கதைக்கு வருகிறேன். நம் தெருக் கடைசியில் இட்லி மாவு அரைத்துக் கொடுக்கிறாளே, அவள்தான். பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன், ஊரைத்தான் நீயே வெளியே சொல்லிவிட்டாயே, யார் என்று உனக்கும் ஊருக்கும் தெரியும். அவளுக்கு ஒரே அண்ணன் பெரியகருப்பன். அப்பன் ஆத்தா காலத்தில் சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாத குடும்பம். இவர் போர்வெல் போடுகிற லாரியில் ஊர் ஊராகத் திரிந்து உழைத்து, கொஞ்சம் வயல் வாங்கி, அலங்காநல்லூர்ப் பக்கத்தில் மாடி வைத்து வீடு கட்டினார். குடிபோகிற அன்றைக்கு வீட்டு முன்னால் பெரிய பிளெக்ஸ். மதுரைக்காரன் பிளெக்ஸ் இல்லாமல் காது குத்தவே மாட்டான், வீடு குடிபோவதென்றால் கேட்க வேண்டுமா? சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முகமும் வரிசையாக இருந்தது. தங்கை புருஷனின் முகத்தை மட்டும் கீழே, சின்னப் பிள்ளைகள் வரிசையில், கட்டைவிரல் அளவில் போட்டிருந்தார்கள். கொடுத்த போட்டோ மங்கலாக இருந்ததால் பெரிதாக்கினால் உடைகிறது என்று பிளெக்ஸ் கடைக்காரப் பையன் அவனாகச் சுருக்கியிருக்கிறான். பெரியகருப்பன் பந்தல்காரரோடும் சமையல்காரரோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததில் பிளெக்ஸைச் சரி பார்க்கவில்லை. அந்த மாப்பிள்ளை வந்து நின்று அண்ணாந்து தேடித் தேடிக் கடைசியில் குழந்தைகள் வரிசையில் தன்னைக் கண்டுபிடித்தார். கை நனைக்காமல் வண்டியைத் திருப்பிவிட்டார், முத்துப்பேச்சியும் பின்னாலேயே போய்விட்டாள். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

சில வருஷம் கழித்து அந்த மனுஷன் மாரடைப்பில் போய்விட்டார். பிளெக்ஸ் கதையைச் சொல்லிவிட்டு முத்துப்பேச்சி என்னிடம் சொன்னது இதுதான்: "செத்ததுக்குக்கூட வரல டீச்சர். பெறந்த வீட்டுக் கோடி இல்லாம ஒக்காந்திருந்தேன். அம்புட்டுத்தான் எங்கண்ணன்." அழுதுகொண்டே சொன்னாள், நானும் சேர்ந்து அழுதுகொண்டே அதை எழுதி வைத்தேன். எழுதி வைத்தேனே தவிர, போடவில்லை. ஒரு பக்கம்தானே கேட்டிருக்கிறேன்.

மறு பக்கத்தைக் கேட்க அலங்காநல்லூருக்கு பஸ் ஏறினேன். முதலில் போனபோது அவர் வயலில் இருப்பதாகச் சொல்லி அனுப்பினார், அடுத்த தடவை திண்டுக்கல் போய்விட்டதாகச் சொன்னார்கள். நானும் விடவில்லை. ஒரு நாள் உட்காரச் சொல்லி மோர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "போனேன் டீச்சர். மாலையும் கோடியும் எடுத்துக்கிட்டுத் தெரு முக்கு வரைக்கும் போனேன். மாப்ளையோட தம்பி மறிச்சுட்டாரு. 'உசுரோட இருக்கையில எங்கண்ணன மதிக்கல, செத்தபொறகு என்ன மாலை?'ன்னு கேட்டாரு. கேட்டது நாயந்தான டீச்சர், நான் என்னத்தச் சொல்ல? மாலைய வைகையில போட்டுட்டு வந்துட்டேன். கோடிச் சீல இன்னும் பெட்டியில கெடக்கு." இது முத்துப்பேச்சிக்குத் தெரியாது. கொழுந்தன் சொல்லவில்லை, தெருக்காரர்களும் சொல்லவில்லை. நான் போய்ச் சொல்கிறேன் என்றேன். "நீங்க சொல்லாதீங்க. பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிக வைக்கத் தங்கச்சி வரும்ல, அன்னைக்கு நானே சொல்லிக்கிறேன்" என்றார். அவரே சொன்னால்தான் அது ஆறும் என்று எனக்கும் பட்டது. பத்திரிகை வைக்க அவளை நானே கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். அந்த மாதம்தான் கண் அறுவை.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்களே, அந்தத் தாழியை உடைத்தவன் நீ. ஒரு நாள் உனக்குப் போடுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு நாள் போடாவிட்டால் வானம் இடிந்து விழுந்துவிடுமா? உன் அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக இருந்திருக்கும், அவ்வளவுதான். என் வரைவுகளைக் குடைந்தாய், முத்துப்பேச்சி அழுதுகொண்டே சொன்னது கிடைத்தது. எடுத்துப் போட்டாய். அப்படியே போட்டிருந்தாலாவது பாதிப் பாவம். 'தங்கை தாலி அறுத்த அன்று டீக்கடையில் உட்கார்ந்திருந்த அண்ணன்!' என்று தலைப்பு வைத்தாய். எந்த டீக்கடை? யார் உட்கார்ந்திருந்தது? என் எழுத்தில் டீக்கடை என்று ஒரு வார்த்தை இருந்ததா? அண்ணன் வரவில்லை என்று மட்டும்தான் இருந்தது. நீயாக ஒரு கடையைப் போட்டு, அதில் அந்த மனுஷனை உட்கார வைத்து, கையில் டம்ளரும் கொடுத்து, அதற்கு ஒரு படமும் கணினியில் செய்து ஒட்டினாய். நான் மாற்றாமல் வைத்திருந்த ஊர்ப் பெயரையும் விட்டுவைத்தாய். இரண்டு நாள் பொறுத்து என்னைக் கேட்டிருந்தால் உன் கையைப் பிடித்துத் தடுத்திருப்பேன். ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கத் தெரியும், உனக்கு அடுப்பு பற்ற வைக்கவே பொறுமை இல்லை.

அந்தப் பதிவு ஓடியது. அலங்காநல்லூர்ப் பக்கத்து வாட்ஸாப் குழு ஒன்று விடாமல் ஓடியது. பிளெக்ஸ் கதை அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும், ஆளைக் கண்டுபிடிக்க அரை நிமிஷம் ஆகியிருக்காது. கீழே கருத்துப் பகுதியில், இவனெல்லாம் ஒரு அண்ணனா, இவனைச் செருப்பால் அடிக்க வேண்டாமா என்றெல்லாம் முகம் தெரியாத ஜனங்கள் எழுதியிருந்தார்கள். நீ ஒவ்வொன்றுக்கும் கைகூப்புகிற படம் போட்டு நன்றி சொல்லியிருந்தாய்.

முத்துப்பேச்சி மாவுக் கையோடு என் வாசலில் வந்து நின்றாள். "ஏன் டீச்சர், போடப்போறேன்னு ஒரு வார்த்த சொல்லலையே? கோவத்துல சொன்னேன், அது எங்கண்ணன் டீச்சர்" என்றாள். நான் உனக்குப் போன் போட்டேன். நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "அம்மா, நம்ம பிளாக்லயே டாப் போஸ்ட் அதுதாம்மா." எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பது இதுதான். எடுத்துவிடு என்று கத்தினேன். எடுத்தாய். மறுநாள் அதே நேரத்துக்கு அங்கே புதிதாக ஒன்று வந்தது: 'நாங்கள் செய்த ஒரு தவறு, அதில் கற்ற மூன்று பாடங்கள்'. மன்னிப்பையும் அன்றைய கணக்கில் ஒரு பதிவாக்கிவிட்டாய்! அதில் பெரியகருப்பன் சாவுக்குப் போனார், மறிக்கப்பட்டார் என்று ஒரு வார்த்தை கிடையாது. உனக்குத்தான் அது தெரியாதே. என்ன நடந்தது என்று என்னிடம் கேட்கவும் உனக்குத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் நேரமாகியிருக்கும். இந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை எழுதியதா அது என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அதற்கு மறுநாளே பெரியகருப்பன் வீட்டுக்குப் போனேன். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து, நீ எழுதியதை முதலிலிருந்து கடைசிவரைக்கும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாரும் வாசித்ததை அவரும் கேட்க வேண்டும், அதை என் வாயால் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். தாலி அறுத்த அன்று என்ற இடத்தையும் விடாமல் வாசித்தேன். எழுதியது என் மகன் என்று நான் சொல்லவில்லை. என் பெயரில் வந்தது, அதனால் நான் எழுதியது. கேட்டு முடித்தார். பிறகு சொன்னார்: "டீக்கடப் பக்கமே போறதில்ல டீச்சர் இப்ப. போனா, 'என்னண்ணே, இன்னைக்கும் டீக்கடதானா?'ங்கிறாய்ங்க. நேத்துப் பொறந்த பயலுக." கல்யாணத்துக்கு வாருங்கள், வந்தால் எல்லார் வாயும் அடைபடும் என்றேன். "எப்படி டீச்சர் வாரது? இப்ப நான் போனா, நெட்ல போட்டாங்கன்னு பயந்து போயிட்டான்பாங்க. போகலேன்னா, அன்னைக்கும் போகல இன்னைக்கும் போகலேம்பாங்க. எங்கிட்டுப் போனாலும் அடிதான். நான் எங்க வீட்டுலயே இருந்துக்கிறேன்" என்றார். இதற்கு உன்னிடம் பதில் இருக்கிறதா?

கிளம்பும்போது, "இனி நான் சொல்லி என்ன ஆகப்போகுது, தங்கச்சிட்ட நீங்களே சொல்லிருங்க" என்றார். சொன்னேன். முத்துப்பேச்சி கிரைண்டரை நிறுத்திவிட்டு, கட்டியிருந்த சேலையோடு தெரு முக்குக்குப் போய் பஸ் ஏறினாள். பொழுது சாய்கிற நேரம் திரும்பி வந்தாள். மடியில் அந்தக் கோடிச் சேலை இருந்தது. "பேசுனாரா?" என்றேன். "பேசுனாரு. ஒக்கார வச்சுச் சோறு போட்டாரு. கல்யாணத்துக்கு மட்டும் கூப்புடாத தாயின்னுட்டாரு" என்றாள். பகை முடிந்துவிட்டது, பார்த்தாயா? அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இப்போது ஒன்றும் இல்லை. நடுவில் நிற்பது ஊர், ஊர் கையில் உன் பதிவு. தன் தங்கை மகளுக்கு ஒரு மாலை போட முடியாமல் அந்த மனுஷன் வெள்ளிக்கிழமை முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் கிடந்திருக்கிறார். அந்தக் கல்யாணம் இனி திரும்ப வராது.

தினமும் எழுதக்கூடாது என்று நான் சொல்லவில்லை. எழுது. எழுதி எழுதிக் கிழித்துப் போடு, கை பழகும். தினமும் ஊருக்குக் கொடுத்தே தீர வேண்டும் என்று உன்னை யார் அடித்தது? நாளைக்கு வேண்டுமே, நாளைக்கு வேண்டுமே என்று ஓடுகிறவனுக்கு எதிரில் இருக்கிற மனுஷன் மனுஷனாகத் தெரிய மாட்டான், நாளைக்கான சரக்காகத் தெரிவான். உன் ஆபீஸில் அதற்குக் 'கன்டென்ட்' என்று பெயர் இருக்கலாம். நான் சரக்கு என்றுதான் சொல்வேன். நீ கெட்டவன் இல்லை என்று எனக்குத் தெரியும். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது. கெட்டவன் செய்திருந்தால் கெட்டவன் என்று விட்டிருப்பேன். அம்மாவுக்குக் கஞ்சி வைத்த அதே கையால், அம்மாவுக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டே செய்திருக்கிறாய். உனக்கும் கல்யாண வயசு வந்துவிட்டது. வருகிற பெண்ணிடம் ஒரு வார்த்தை கோபமாகக் கேட்டுவிட்டு, அவள் "அப்படி இல்ல" என்று ஆரம்பிப்பதற்குள் அடுத்த வேலைக்குப் போய்விடுவாயோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தைப் பெரியகருப்பனுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "அதப் போடாதீங்க டீச்சர்" என்றார், எடுத்துவிட்டேன். தெரு முக்குவரைக்கும் போனதை மட்டும் ஒரு வார்த்தை குறையாமல் போடச் சொன்னார். முத்துப்பேச்சிக்கு வாசித்தேன். "கொழுந்தன் கோவிச்சுக்குவாரு. கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும், எங்கண்ணன் வந்தாருன்னு நாலு பேருக்குத் தெரியணும்" என்றாள். மறித்த அந்தக் கொழுந்தன் வீட்டுக்கும் போய் வாசித்தேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுவிட்டு, "மறிச்சது நாந்தான், போட்டுக்கங்க" என்றார். அப்பா இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். இதில் வருகிறவர்களில் உன் ஒருவனுக்குத்தான் நான் வாசித்துக் காட்டவில்லை. உன் பக்கம் என்னவென்று கேட்கவும் இல்லை. சிவகாசிக்காரரும், நீ கூட்டி வந்த கூட்டமும், உன் ஆபீஸ்காரர்களும் வாசிக்கும்போது நீயும் கூட நின்று வாசித்துக்கொள். "அப்படி இல்லம்மா" என்று உனக்குச் சொல்லத் தோன்றும். எங்கே போய்ச் சொல்வாய்?

அம்மா